எளிதில் நம்பாத திருச்சபை

1614-ஆம் ஆண்டு திருத்தந்தை ஐந்தாம் பவுல் வெளியிட்ட ‘உரோமைச் சடங்கு நூல்’, பேயோட்டும் பணியை ஏற்கும் குருவின் தகுதிகளைச் சொல்லி முடித்த கையோடு அவருக்கு விதிக்கும் முதன்மையான அறிவுரை, ஒருவரைப் பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடக் கூடாது என்பதாகும். கரும்பித்தம் என்று அக்காலம் அழைத்த மனச்சோர்வாலோ வேறு நோயாலோ துன்புறுகிறவர்களிடமிருந்து பேய் பிடித்தவரைப் பிரித்தறியும் அடையாளங்களை அவர் அறிந்திருக்க வேண்டும். கற்றறியாத மொழியில் தொடர்ந்து பேசுவது, தொலைவில் நடப்பதையும் மறைவானதையும் வெளிப்படுத்துவது, வயதுக்கும் உடல்நிலைக்கும் மீறிய வலிமையைக் காட்டுவது ஆகியவை அவற்றுள் சில. இவற்றைவிடக் கவனிக்கத்தக்க இன்னொரு விதியும் அங்கே உண்டு: பேயிடம் வீண்பேச்சு வளர்க்கவும், வருங்காலத்தையும் மறைபொருள்களையும் பற்றி ஆவலால் கேள்வி கேட்கவும் குருவுக்கு உரிமையில்லை. பேய் உண்டென்று ஐயமின்றி நம்பிய ஒரு காலம் பேயின் பேச்சைக் காதில் வாங்க மறுத்தது இன்றைய வாசகருக்கு முரணாகத் தோன்றலாம். ஆனால் பொய்யின் தந்தை என்று யோவான் நற்செய்தி அழைக்கும் ஒருவனிடம் தகவல் கேட்கக் கூடாது என்பதில் முரண் எதுவும் இல்லை.

இந்த ஐயுணர்வு இன்றைய பக்திச் சூழலில் அரிதாகிவிட்டது. ஆன்மிகப் போர் என்பது தீமைக்கு எதிராகக் கிறிஸ்தவர் வாழ்நாள் முழுவதும் நடத்தும் போராட்டத்துக்கான பழைய பெயர். கடவுள் அருளும் படைக்கலங்களை அணிந்துகொள்ளுமாறு எபேசியர் மடலின் ஆறாம் அதிகாரம் அறிவுறுத்துவது அதன் வேர். தியானக் கூடங்களிலும் குறுநூல்களிலும் கைப்பேசி வழியே பரவும் உரைகளிலும் அதே போராட்டம் பேய்களின் பெயர்ப் பட்டியலாகவும், வீட்டில் எந்தப் பொருளை வைத்திருக்கலாம் எதை எரித்துவிட வேண்டும் என்ற அச்சமாகவும், செபமாலையை எத்தனை முறை சொன்னால் எந்தக் கட்டு அறும் என்ற கணக்காகவும் சுருங்கிவிடுகிறது. பேசுகிறவர்கள் எல்லாரும் போலிகள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுள் உண்மையான செப வாழ்வு உடையவர்களும் இருக்கிறார்கள். சிக்கல் அவர்களுடைய பக்தியில் இல்லை. திருச்சபை தனக்குத் தெரியும் என்று ஒருபோதும் உரிமை கொண்டாடாதவற்றைத் தெரியும் என்று அவர்கள் சொல்வதில்தான் இருக்கிறது. மாதா பக்தியிலும் பேயைப் பற்றிய போதனையிலும் நம்பத்தக்க வழிகாட்டுதலுக்கு முதல் அடையாளம் அதன் சொற்சிக்கனம் என்பதற்குத் திருச்சபையின் வரலாறே போதிய சான்று தருகிறது.

கத்தோலிக்க இறையியல் ஆராதனை, வணக்கம், உயர் வணக்கம் என்று மூன்றைப் பிரித்துப் பேசுகிறது. ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது; வணக்கம் புனிதர்களுக்குத் தரப்படுவது; உயர் வணக்கம் இறைவனின் தாய் என்ற முறையில் மரியாவுக்கு மட்டும் தரப்படுவது. உயர் வணக்கம் எவ்வளவு உயர்ந்தாலும் வணக்கத்தின் வகைதானே தவிர ஆராதனையின் தொடக்கப் படி ஆகாது. 4-ஆம் நூற்றாண்டில் சைப்ரஸ் தீவின் சலாமிஸ் நகர ஆயராக இருந்த எப்பிபானியுஸ், மரியாவின் பெயரால் அப்பங்களைப் படைத்து வழிபட்டதாகச் சொல்லப்பட்ட அரேபியப் பெண்களைப் பற்றி எழுதியபோது, மரியாவைப் போற்றுவது தகும், ஆராதிப்பது தகாது என்ற எல்லையைத் தெளிவாகவே வரைந்துவிட்டார். 431-இல் எபேசு பொதுச்சங்கம் மரியாவைக் ‘கடவுளின் தாய்’ என்று அழைத்ததும் அவருக்குப் புதிய பெருமை சேர்க்கும் நோக்கத்தால் அன்று. அவரிடம் பிறந்தவர் கடவுளும் மனிதருமான ஒரே ஆள் என்பதைக் காப்பதே அங்கே வழக்காக இருந்தது.

மரியாவை எவ்வளவு உயர்த்துவது என்ற கேள்வி திருச்சபைக்குள் எவ்வளவு நெருக்கமான போட்டியாக இருந்திருக்கிறது என்பதை 1963 அக்டோபர் 29 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் நடந்த வாக்கெடுப்பு காட்டுகிறது. மரியாவைப் பற்றித் தனி ஏடு வேண்டுமா, திருச்சபையைப் பற்றிய ஏட்டிலேயே ஓர் அதிகாரமாக அது அமைய வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது, பின்னதை 1,114 சங்கத் தந்தையரும் முன்னதை 1,074 பேரும் ஆதரித்தார்கள். வெறும் 40 வாக்கு வேறுபாட்டில் மரியா திருச்சபைக்கு மேலே தனித்து நிற்பவராக அன்றி அதன் தலைசிறந்த உறுப்பினராக எழுதப்பட்டார். அந்த ஏட்டின் எட்டாம் அதிகாரம், பக்தியில் மிகைப்படுத்தலையும் குறுகிய மனத்தையும் ஒருசேரத் தவிர்க்குமாறு இறையியலாரையும் போதகரையும் கேட்டுக்கொள்வதோடு, உண்மையான பக்தி கணநேர உணர்ச்சியிலோ வெற்று நம்பிக்கையிலோ அமைவதில்லை என்றும் சொல்கிறது. 2025 நவம்பர் 4 அன்று விசுவாசக் கோட்பாட்டுத் துறை வெளியிட்ட ஏடு இதே வழியில் நடந்து, ‘இணை மீட்பர்’ என்ற பட்டம் மரியாவுக்கு எப்போதுமே பொருத்தமற்றது என்று தீர்ப்புச் சொன்னது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலே சில முறை பயன்படுத்திய பட்டம் அது. ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்ளாமல் காக்கத் திரும்பத் திரும்ப விளக்கம் சொல்ல வேண்டியிருந்தால், அச்சொல் மக்களின் விசுவாசத்துக்கு உதவாது என்பது அந்த ஏடு தரும் காரணம். இறையியல் வாதமாக மட்டுமன்றி மேய்ப்புப் பணியின் அனுபவமாகவும் அதைப் படிக்கலாம்.

மாதா பக்தியின் தீவிரப் பிரிவினர் அடிக்கடி துணைக்கு அழைக்கும் பெயர் பிரெஞ்சுக் குருவான லூயி தெ மோன்ஃபோர். 1716-இல் இறந்த அவர் எழுதிய ‘மரியாவிடம் உண்மையான பக்தி’ என்ற நூலின் கையெழுத்துப்படி ஒரு நூற்றாண்டுக்கு மேல் மறைந்து கிடந்து 1842-இல் கண்டெடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டு அச்சேறியது. மரியாவின் வழியாகத் தம்மை முழுவதும் கிறிஸ்துவுக்குக் கையளிக்கும் அர்ப்பணம் அதில் விரிவாகச் சொல்லப்படுவதால், தீவிர பக்திக்கு அதைவிட வலுவான சான்று இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அந்நூல் உண்மையான பக்தியை விளக்குவதற்கு முன்பே போலிப் பக்தர்களை ஏழு வகையாகப் பிரித்துச் சாடுகிறது என்பது குறைவாகவே பேசப்படுகிறது. எளியோரின் செபங்களையெல்லாம் குறை காணும் படித்தவர்கள், தாயைப் போற்றினால் மகனுக்கு இழுக்கு என்று அஞ்சுபவர்கள், மனம் ஒன்றாமல் செபமாலைகளை அவசரமாக உருட்டிக்கொண்டும் பல பக்த சபைகளில் பெயர் எழுதிக்கொண்டும் வாழ்வைத் திருத்தாத புறப்பகட்டினர், உத்தரியம் அணிந்திருப்பதால் பாவத்திலேயே நிம்மதியாக உறங்கலாம் என்று நினைக்கும் துணிச்சல்காரர்கள், இன்று ஒரு பக்தி நாளை ஒரு பக்தி என்று தாவுபவர்கள், வெளிவேடக்காரர்கள், வழக்கில் வெல்லவும் நோய் தீரவும் மட்டுமே மாதாவை நாடும் தன்னலக்காரர்கள் என்று அவர் வரிசைப்படுத்துகிறார். மரியாவின் மீது அளவற்ற அன்பு கொண்ட ஒருவரே அந்த அன்பின் போலிகளை இவ்வளவு துல்லியமாகக் கண்டறிந்தார். இந்த வரிசையில் மூன்றாம் வகைக்கும் நான்காம் வகைக்கும் உரியவர்களே அவருடைய நூலைக் கையில் ஏந்தி அதிகம் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பது பக்தி வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. ஒரு வழிகாட்டி மோன்ஃபோரின் அர்ப்பணத்தை மட்டும் போதித்து இந்த ஏழு வகையைப் போதிக்காமல் விட்டால், அவர் பாதி மோன்ஃபோரைத்தான் தருகிறார்.

மரியா போர்க்களத்துக்கு வந்த வழி வேறு. பாம்புக்கும் பெண்ணுக்கும் இடையே பகை உண்டாகும் என்ற தொடக்கநூலின் மூன்றாம் அதிகாரமும், கதிரவனை ஆடையாக அணிந்த பெண்ணை அரக்கப் பாம்பு துரத்தும் திருவெளிப்பாட்டின் பன்னிரண்டாம் அதிகாரமும் மரியாவோடு பொருத்திப் படிக்கப்பட்டதால், பாம்பை மிதித்து நிற்கும் அமல உற்பவ மாதாவின் உருவம் உலகெங்கும் பரவியது. 1571 அக்டோபர் 7 அன்று லெப்பாந்தோ கடற்போரில் கிறிஸ்தவக் கூட்டணிக் கப்பற்படை ஒட்டோமான் படையை வென்றபோது, அவ்வெற்றியைச் செபமாலையின் பயன் என்று ஏற்ற திருத்தந்தை ஐந்தாம் பயஸ் வெற்றியின் அன்னைக்கு விழா ஏற்படுத்தினார். 1573-இல் பதின்மூன்றாம் கிரகோரி அதைச் செபமாலை விழாவாக்கினார். செபமாலையை ஆயுதம் என்று அழைக்கும் வழக்கத்தின் பின்னால் பீரங்கிகளும் துடுப்புக் கப்பல்களும் உண்மையாகவே இருந்தன என்பதை மறந்துவிட்டால், அந்த உருவகம் எவ்வளவு எளிதாக எதிரியைத் தேடத் தொடங்கும் என்பதும் மறந்துபோகும்.

அந்தப் போருக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1589-இல், அதே கடற்போரில் பெரும்பங்கு வகித்த வெனிஸ் நகரில் ‘ஆன்மிகப் போர்’ என்ற பெயரிலேயே ஒரு சிறு நூல் வெளிவந்தது. அதை எழுதிய லொரென்ஸோ ஸ்குபொலி தியாத்தின் சபையைச் சேர்ந்தவர். 1585-இல் தம் சபையாலேயே தண்டிக்கப்பட்டுக் குருத்துவப் பணியிலிருந்து விலக்கப்பட்டு, அவமதிப்பை வாய் திறவாமல் தாங்கிக்கொண்டிருந்த காலத்தில் அந்நூல் அச்சானது. பிரான்சிஸ் சலேசியார் பல ஆண்டுகள் தம்மோடு சுமந்து திரிந்த அந்த நூலில் பேய்களின் பெயர்ப் பட்டியல் இல்லை, சாபக்கட்டு இல்லை, ஊர்களை ஆளும் தீய ஆவிகளின் வரைபடம் இல்லை. தன்னை நம்பாமை, கடவுளை நம்புதல், அறிவையும் விருப்பத்தையும் பயிற்றுதல், செபம் என்ற நான்கு படைக்கலங்களையே அது தருகிறது. போர்க்களம் மனிதரின் சொந்த உள்ளம். எதிரியின் சூழ்ச்சி பற்றியும் மாதாவின் துணை பற்றியும் அதில் இயல்கள் உண்டு. ஆனால் அவை கோபத்தையும் தன்விருப்பத்தையும் சோம்பலையும் வெல்வது என்ற அன்றாட வேலைக்குள்ளேயே வருகின்றன. எகிப்தின் பாலைவனத் துறவியருள் ஒருவரான எவாக்ரியுஸ் 4-ஆம் நூற்றாண்டில் எண்வகைத் தீய எண்ணங்களைப் பற்றி எழுதியதிலிருந்து தொடர்ந்து வரும் மரபு இது. ஆன்மிகப் போரைப் பற்றிப் போதிக்கும் ஒருவர் கேட்பவரின் கோபத்தையும் கஞ்சத்தனத்தையும் பற்றி ஒரு மணி நேரத்தில் ஒருமுறையும் பேசவில்லை என்றால், அவர் இந்த மரபைச் சேர்ந்தவர் அல்லர் என்று தயங்காமல் சொல்லலாம்.

அலகை உண்டு என்பது கத்தோலிக்கப் போதனை. அதன் ஆற்றலுக்கு எல்லை உண்டு என்பதும் அதே அளவு போதனையே. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சாத்தானைப் படைப்புயிர் என்றே விளக்கி, கடவுளின் ஆட்சி கட்டியெழுப்பப்படுவதை அவனால் தடுக்க முடியாது என்கிறது. பேயோட்டுதல் இரு வகைப்படும்: திருமுழுக்குச் சடங்கில் இடம்பெறும் எளிய வகை ஒன்று, பேய் பிடித்தவருக்கெனச் செய்யப்படும் பெருஞ்சடங்கு மற்றொன்று. பின்னதைத் தலத்திரு ஆளுநரின், அதாவது நடைமுறையில் மறைமாவட்ட ஆயரின், தனிப்பட்ட வெளிப்படையான அனுமதி இன்றி யாரும் செய்யலாகாது என்றும், பக்தி, அறிவு, விவேகம், நேர்மையான வாழ்வு ஆகியவை உடைய குருவுக்கு மட்டுமே அவ்வனுமதி தரப்படலாம் என்றும் திருச்சட்டத்தின் 1172-ஆம் எண் விதிக்கிறது. 1985 செப்டம்பர் 29 தேதியிட்டு, பின்னாளில் திருத்தந்தையான கர்தினால் ராட்சிங்கர் ஆயர்களுக்கு அனுப்பிய மடல், பொதுநிலையினர் கூடி அலகைகளை நேரடியாக விளித்துப் பேசுவதையும் அவற்றின் அடையாளத்தைக் கேட்டறிய முயல்வதையும் தடுத்தது. அதே மடல், தீமையிலிருந்து விடுவிக்குமாறு செபிப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை என்பதையும், மரியாவின் பரிந்துரையை நாடுமாறு ஆயர்கள் மக்களுக்கு நினைவூட்டலாம் என்றதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1886 வாக்கில் திருப்பலிக்குப் பின் சொல்லுமாறு சேர்த்த மிக்கேல் அதிதூதர் செபம் எல்லாரும் சொல்லத்தக்கது; இரண்டாம் யோவான் பவுல் 1994-இலும் பிரான்சிஸ் 2018 அக்டோபரிலும் அதைச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார்கள். அதே லியோவின் காலத்தில் 1890-இல் வெளியான நீண்ட பேயோட்டு வாய்பாடு வேறொன்று. 1985-ஆம் ஆண்டு மடல் பொதுநிலையினருக்குத் தடுத்தது அதைத்தான். இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டு விற்கும் குறுநூல்கள் உண்டு. சிறிய செபத்தை லியோ எழுதக் காரணமாகச் சொல்லப்படும், சாத்தானுக்கும் கடவுளுக்கும் இடையே நூறாண்டு பற்றி நடந்த உரையாடலை அவர் கேட்டார் என்ற கதை, அவர் 1903-இல் இறந்து பல ஆண்டுகள் கழித்தே அச்சில் வலுப்பெற்றது. செபம் நன்று, அதைச் சொல்லக் கதை தேவையில்லை.

அனுமதி இருந்தாலே போதும் என்று யாரும் நிம்மதி கொள்ள முடியாதபடி செய்தது ஜெர்மனியின் பவாரியா மாநிலத்துக் க்ளிங்கென்பெர்க் நகரில் நடந்த ஒரு மரணம். பக்தி மிகுந்த கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்த அன்னெலிஸ் மிக்கேல் என்ற இளம்பெண்ணுக்குப் பள்ளிப் பருவத்திலேயே வலிப்பு வந்து மருத்துவர்கள் சிகிச்சை அளித்திருந்தார்கள். மருந்து பலன் தரவில்லை என்று எண்ணிய குடும்பமும் குருக்களும் பேயோட்டும் சடங்கை நாடினார்கள். வூர்ட்ஸ்பூர்க் ஆயர் யோசேப் ஷ்டாங்கல் 1975 செப்டம்பரில் அனுமதி வழங்கினார். பத்து மாதங்களில் 67 அமர்வுகள் நடந்தன. மருத்துவம் கைவிடப்பட்டது; உணவைப் பெண்ணே மறுத்தாள்; 1976 ஜூலை 1 அன்று, 23 வயதில், ஊட்டமின்மையாலும் நீரிழப்பாலும் அவள் இறந்தபோது உடலின் எடை 30 கிலோ அளவுக்குக் குறைந்திருந்தது. 1978-இல் ஆஷாஃபென்பூர்க் நீதிமன்றம் பெற்றோரையும் இரு குருக்களையும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்று கண்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தது.

அந்த அமர்வுகள் ஒலிநாடாக்களில் பதிவு செய்யப்பட்டன. பெண்ணின் வாயிலிருந்து லூசிபர் மட்டுமல்ல, காயீன், நீரோ, யூதாசு, ஹிட்லர், தவறிழைத்த ஒரு பழைய குரு என்று பெயர்கள் வந்தன. திருச்சபையின் போதனைப்படி அலகைகள் வீழ்ந்த வானதூதர்கள். இறந்த மனிதர்கள் அல்லர். அதாவது, உளவியலின் உதவி சிறிதும் இன்றி, மறைக்கல்வியின் அரிச்சுவடியைக் கொண்டே அங்கே ஐயம் எழுந்திருக்க வேண்டும். வீண்பேச்சு வளர்க்காதே என்ற 1614-இன் விதி அந்த ஓர் அறையில் கடைப்பிடிக்கப்பட்டிருந்தால், கேட்பதற்கே நாடா எதுவும் இருந்திருக்காது. அனுமதிக் கடிதம் இருந்தது. நம்ப மறுக்கும் மனம் இல்லை. 1998-இல் ஒப்புதல் பெற்றுத் திருத்தி வெளியிடப்பட்ட பேயோட்டுச் சடங்கு நூல், சடங்கைத் தொடங்குமுன் மருத்துவத்திலும் உளமருத்துவத்திலும் தேர்ந்தவர்களின் கருத்தைக் கேட்குமாறு சொல்வதையும், அதைக் காட்சிப் பொருளாக்க விடக் கூடாது என்பதையும் இந்த மரணத்தின் நிழலில் வைத்துப் படிப்பது தவறாகாது.

தமிழ்நாட்டுக்கு இதில் உரிய பாடம் உண்டு. அகால மரணம் அடைந்தவரின் ஆவியே பேயாகித் திரியும் என்பது தமிழ் நாட்டார் நம்பிக்கை. தூத்துக்குடிப் பக்கத்துப் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும் குமரி மாவட்டத்து இராஜாவூர் மிக்கேல் அதிதூதர் கோயிலுக்கும் பேய்க்கோளாறு என்று அழைத்துவரப்படுகிறவர்கள் பேசுவதும் பெரும்பாலும் இந்த நம்பிக்கையின் மொழியில்தான். துன்பம் மெய், மனம் ஆறுவதும் மெய்யாக இருக்கலாம், ஆனால் தூக்கிட்டு இறந்த அண்டைவீட்டுப் பெண் இன்னொருத்தியின் உடலில் புகுந்துகொண்டாள் என்பதைக் கத்தோலிக்கப் போதனை என்று மேடையேறிச் சொல்வதற்கு எந்தக் குருவுக்கும் உரிமையில்லை. செய்வினை, ஏவல், பில்லிசூனியம் தம் மீது வைக்கப்பட்டதாக நம்பி வருகிறவர்களை 1998-ஆம் ஆண்டுச் சடங்கு நூல் தனியே கருதி, அவர்களுக்கு ஆன்மிக உதவியை மறுக்கலாகாது, பேயோட்டும் சடங்கை மட்டும் செய்யலாகாது என்று முடிவு சொல்கிறது. அத்தகையோரிடம் செய்வினை வைத்தவர் யாரென்று ஊகித்துச் சொல்லும் ‘வரம்’ பெற்றவர் ஒரே பேச்சில் இரண்டு வீடுகளுக்கு இடையே தலைமுறைப் பகையை மூட்டிவிடுகிறார்.

தலைமுறை என்றதும் அண்மைக் காலத்தில் பரவிய ‘பரம்பரைச் சாபம்’ என்ற போதனை நினைவுக்கு வரும். ஒருவரின் நோய்க்கும் கடனுக்கும் மணமுறிவுக்கும் அவருடைய முன்னோரின் பாவமே காரணம் என்றும், குடும்ப மரத்தை வரைந்து கட்டுகளை ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும் என்றும் சொல்லும் இந்தப் போதனைக்குக் கத்தோலிக்க மரபில் ஊற்று இல்லை. ஆங்கிலிக்க உளமருத்துவரான கென்னத் மெக்கால் 1982-இல் வெளியிட்ட ஒரு நூலே அதற்குப் பெரும் பரவல் தந்தது. மகனின் பாவத்துக்குத் தந்தையோ தந்தையின் பாவத்துக்கு மகனோ பொறுப்பல்ல என்று எசேக்கியேலின் பதினெட்டாம் அதிகாரம் விரிவாகவே வாதிடுகிறது; திருமுழுக்கு பாவத்தையும் அதற்குரிய தண்டனையையும் முழுவதும் நீக்குகிறது என்பது அடிப்படைக் கோட்பாடு. பிரான்சு, போலந்து ஆயர் பேரவைகளைத் தொடர்ந்து 2024 நவம்பரில் ஸ்பெயின் ஆயர்களின் கோட்பாட்டு ஆணையம் இதை மறுத்து வெளியிட்ட குறிப்பு, தலைமுறை தலைமுறையாக நீள்வது இறைவனின் இரக்கம் என்று மரியா பாடும் லூக்கா நற்செய்தி வரியைத் தன் தலைப்பாக்கிக்கொண்டது. மாதாவின் பாடலைக் கொண்டே மாதா பக்தர்களைத் திருத்திய அழகான செயல் அது.

காட்சிகளைப் பொறுத்தவரை இன்னும் பொறுமை வேண்டும். கிறிஸ்துவோடு நிறைவுபெற்ற வெளிப்பாட்டுக்கு எதுவும் சேர்க்காதவை என்பதால் திருச்சபை இவற்றைத் ‘தனிப்பட்ட வெளிப்பாடுகள்’ என்று அழைக்கிறது. ஒப்புதல் பெற்றவற்றுக்குக் கூட விவேகத்தின்பாற்பட்ட மனித நம்பிக்கையே உரியது என்று, பின்னாளில் பதினான்காம் பெனடிக்ட் ஆன ப்ரோஸ்பெரோ லம்பெர்த்தினி 18-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். லூர்துவில் 1858 பிப்ரவரி முதல் ஜூலை வரை பெர்னதெத் கண்ட 18 காட்சிகளைப் பற்றி உலகம் அறியும். அதே ஆண்டின் வேனிலில் அதே குகையில் தாமும் காட்சி கண்டதாகப் பல டஜன் பேர் கிளம்பியதை வெகு சிலரே அறிவார்கள். ஆயர் லோரான்ஸ் குழு அமைத்து விசாரித்துத் தீர்ப்பு எழுத 1862 ஜனவரி வரை எடுத்துக்கொண்டார். மற்ற அத்தனை பேரும் மறக்கப்பட்டார்கள்.

ஆம்ஸ்டர்டாம் இதைவிடச் சிக்கலான கதை. 1945 முதல் 1959 வரை அங்கே ஈடா பேர்டெமன் என்ற பெண்ணுக்கு ‘எல்லா நாடுகளின் அன்னை’ காட்சி தந்ததாகவும், மரியாவை இணை மீட்பர் என்று விசுவாசக் கோட்பாடாக அறிவிக்குமாறு கேட்டதாகவும் சொல்லப்பட்டது. 1956-இல் ஹார்லெம் ஆயர் அது வானகச் செயல் என்பதற்குச் சான்று இல்லை என்றார். 2002-இல் அதே மறைமாவட்டத்தின் வேறோர் ஆயர் அதை உண்மை என்று ஏற்றார். 2024 ஜூலையில் விசுவாசக் கோட்பாட்டுத் துறை, 1974-லேயே ஆறாம் பவுலின் ஒப்புதலோடு எடுக்கப்பட்ட எதிர்மறை முடிவை வெளியிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆயரின் ஒப்புதலை நம்பி அக்காட்சியின் பெயரால் பரவிய செபத்தைச் சொன்னவர்கள் குற்றவாளிகள் அல்லர். ஆனால் அந்தக் காட்சியின் மீது தம் விசுவாசத்தையே கட்டியவர்கள் தடுமாறியிருப்பார்கள். மறுபுறம், 1959-இல் தடைசெய்யப்பட்ட, போலந்துத் துறவி பவுஸ்தினாவின் இறை இரக்க பக்தி 1978-இல் தடை நீங்கப் பெற்று, 2000-இல் அவர் புனிதரானார். தடை இருந்த காலத்தில் கீழ்ப்படிந்து காத்திருந்தவர்கள் இழந்தது எதுவும் இல்லை.

காட்சிகளை ஆராய்வதற்கு விசுவாசக் கோட்பாட்டுத் துறை 2024 மே மாதம் வெளியிட்ட புதிய விதிமுறைகள் இந்த அனுபவத்தின் பயன். அவற்றின்படி ஆயர்கள் ஒரு நிகழ்வை வானகச் செயல் என்று அறிவிப்பது வழக்கமாக இராது. ‘தடையில்லை’ என்பதிலிருந்து ‘வானகச் செயல் அன்று’ என்ற அறிவிப்பு வரை ஆறு படிகள் உண்டு. தடையில்லை என்றால் காட்சி நிகழ்ந்தது என்று பொருளாகாது. அந்த இடத்தில் செபிப்பது நன்மை தருகிறது என்பதே பொருள். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று வேளாங்கண்ணி பற்றித் தஞ்சை ஆயருக்கு வந்த மடலும், அங்கு கூடும் பிற சமயத்தவரின் வருகையைச் சமயக் கலப்பாகக் கொள்ள வேண்டியதில்லை என்று கனிவோடு சொல்லி, மக்களின் நம்பிக்கையைப் பாராட்டியதே தவிர பழங்கதைகளின் வரலாற்று உண்மை பற்றித் தீர்ப்பு எழுதவில்லை. இந்த விதிமுறைகளில் காட்சி என்ற பெயரால் பிறர் மீது ஆதிக்கம் செலுத்துவது தனிக் கடுமை வாய்ந்த ஒழுக்கக் கேடாகக் குறிக்கப்படுவது, காட்சியின் உள்ளடக்கத்தை மட்டுமன்றி அதைச் சுற்றி உருவாகும் உறவுகளையும் சோதிக்க வேண்டும் என்பதை உணர்த்துகிறது.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சி நூலில், தீய ஆவி ஒரு பெண்ணை மயக்க முயலும் கள்ளக் காதலனைப் போன்றது, தன் சொற்கள் அவளுடைய தந்தைக்கோ கணவனுக்கோ தெரிந்துவிடக் கூடாது என்பதே அதன் கவலை என்று விளக்குகிறார். அந்த அளவுகோலை வழிகாட்டிகள் மீதும் வைத்துப் பார்க்கலாம். சொன்னதைப் பங்குத்தந்தையிடம் சொல்லாதே, இதை மருத்துவரிடம் பேசாதே, ஆயர்களுக்கு இது புரியாது என்று தொடங்குகிற எவருடைய அறிவுரையும், அதில் எத்தனை முறை மாதாவின் பெயர் வந்தாலும், அச்சத்தைத்தான் வளர்க்கிறது; அச்சம் வளர்ந்த இடத்தில் காணிக்கைப் பெட்டியும் வளர்வது தற்செயலன்று.

ஆகவே, குணமளிக்கும் வழிபாட்டுக்கோ விடுதலைத் தியானத்துக்கோ வீட்டார் ஒருவரை அழைத்துச் செல்லும் முன், அதை நடத்துபவர் எந்த ஆயரின் அனுமதியோடு நடத்துகிறார் என்று கேட்டுவிடுங்கள். 1172-ஆம் எண் அந்தக் கேள்விக்குப் போதிய காரணத்தைத் தந்திருக்கிறது, அதைக் கேட்பதால் பக்தி குறைந்துவிடாது. மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தினால்தான் விடுதலை கிடைக்கும் என்று சொல்லப்பட்டால் அன்றே திரும்பி வந்துவிடலாம். 1614-ஆம் ஆண்டுச் சடங்கு நூல், பேயோட்டும் குரு நோயாளிக்கு எந்த மருந்தையும் கொடுக்கவோ சிபாரிசு செய்யவோ கூடாது என்றும், அந்த வேலையை மருத்துவர்களுக்கே விட்டுவிட வேண்டும் என்றும் அப்போதே எழுதிவைத்திருக்கிறது.